வாசலுக்கு வெளியே நின்று படி

முனுசாமி, இந்தக் கடிதத்தை வீட்டுக்குள் கொண்டு போகாதே. வாசற்படிக்கு வெளியே நின்று படி. "இவ்விடம் யாவரும் க்ஷேமம்" என்ற வரி மேலே இல்லாததைப் பார்த்திருப்பாய். அந்த வரி இல்லாமல் நம் வீடுகளில் எப்போது கடிதம் வரும் என்று உனக்குத் தெரியும். உன் அம்மா இறந்துவிட்டாள். நேற்று இல்லை, போன மாதமும் இல்லை. சென்ற வருஷம் புரட்டாசியில், இங்கே வங்காளத்தில் பூஜைக்குக் கொட்டு முழங்கத் தொடங்கிய வாரத்தில், காய்ச்சல் கண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு என் பெயரில் உனக்கு வந்த கடிதங்களிலெல்லாம் அவள் சௌக்கியம் என்று இருந்தது. அது பொய். நீ கப்பல் ஏறி, கிடர்பூர் துறையில் இறங்கி, கூட்டத்தில் அவளைத் தேடுவதற்கு முன் இது உன் கையில் சேர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இதை எழுதுவது நான்தான். ஐயர் இல்லை, வேறு யாரும் இல்லை. எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்தால் உனக்கே தெரியும். ஒரு நாளைக்கு நாலு வரி, ஐந்து வரி. கை வலித்தால் வைத்துவிட்டு எழுந்து நடப்பேன். துக்கச் செய்தி எழுதுகிறவன் சந்தோஷப்படக் கூடாது. ஆனாலும் உன்னிடம் மறைக்க இனி ஒன்றும் வேண்டாம். மேலே "உன் அம்மா இறந்துவிட்டாள்" என்று எழுதிய அன்று அழுதேன். அழுது முடித்தபின் அந்த வரியைத் திரும்பிப் பார்த்தேன். எல்லா எழுத்தும் சரியாக இருந்தது. இத்தனை வருஷம் மற்றவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவன், மனத்தில் இருந்ததைக் காகிதத்தில் இறக்கி வைத்துவிட்டேன் என்று ஒரு சந்தோஷம் வந்தது. வெட்கமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பாய். பவானிபூர் ஐயரை உனக்கு நினைவிருக்கும். ஆபீசில் கணக்கு எழுதுகிறவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் தம் வீட்டு வராந்தாவில் நம்மவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார். துக்கக் கடிதம் என்றால் மட்டும் வராந்தாவில் எழுதமாட்டார். தெருவில் இறங்கி வந்து, ஆளையும் தெருவில் நிறுத்தி, அங்கேயே எழுதித் தருவார். அவள் காரியம் முடிந்த வாரம் நான் போனேன். முன்னால் ஒரு ஆயாவும் ஒரு வண்ணாரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்தது. "மகனுக்குத்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேனா ஓடிவிட்டது. "இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்திற்கு எழுதவும்" என்று உரக்கப் படித்துவிட்டு, "ம், மேலே சொல்லும்" என்றார். அதை அடித்துவிடுங்கள், தெருவுக்கு வாருங்கள் என்று நான் சொல்ல வேண்டும். அந்த ஆயா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாவரும் க்ஷேமம் என்று காதால் கேட்டபோது, ஒரு நொடி, அது நிஜம் மாதிரி இருந்தது. அந்த நொடியை விட மனம் வரவில்லை. "மழை பலமா இருக்குன்னு போடுங்க சாமி" என்றேன். அவ்வளவுதான். ஒரு முறை விட்ட பிறகு அடுத்த முறை சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது.

பிறகு குளிர்காலத்தில் நீ கடலுக்கு அப்பாலிருந்து அனுப்பிய கம்பளிச் சால்வை வந்தது. உன்னை அழைத்துப் போன துரையின் தங்கை தன் கையால் பின்னியது, அம்மாவுக்குக் குளிருக்கு ஆகும் என்று எழுதியிருந்தாய். ஐயர் அதைப் படித்துவிட்டு, "பலே, ராஜாத்தி மாதிரி இருப்பாளே உம்ம சம்சாரம்! என்ன சொன்னாள்?" என்று கேட்டார். "பிடிச்சிருக்குன்னா" என்றேன். அதையும் எழுதினார். நான் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான், முனுசாமி. முதல் பொய் ஐயர் பேனாவில் தானாக வந்தது. இது என் வாயில் வந்தது. வீட்டுக்கு வந்து சால்வையைப் பிரித்து அவள் படுத்த பாயின் மேல் விரித்தேன். அப்புறம் மடித்து வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு எல்லாரும் போகும்வரை காத்திருந்து ஐயரிடம் கேட்டேன், "சாமி, எனக்கு எழுத்து சொல்லிக் குடுங்க" என்று. அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "ஏன்யா, பல்லு போன வயசுலே எழுத்து எதுக்கு? பரீட்சைக்குப் போகப் போறீரா?"

"ஒரு கடுதாசி எழுதணும்."

"அதுக்குத்தானே நான் உட்கார்ந்திருக்கேன்?"

"இத நீங்க எழுத முடியாது சாமி. எழுதினா நீங்க தெருவுல இறங்கணும்."

அவருக்கு அப்போது புரிந்துவிட்டது. பிறகு உள்ளே போய்ப் பலகையும் பல்பமும் கொண்டுவந்து வைத்தார். "அ போடும்" என்றார். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் போனேன். திட்டுவார். "உம்ம ழகரம் என்னய்யா, எண்ணெய்த் தரையிலே வழுக்கி விழுந்தவன் மாதிரி கிடக்கு" என்பார். இந்த ஊர் ஜிலேபி பிழிகிற மாதிரி சுழிக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்ட பிறகுதான் எனக்கு ணகரம் வந்தது. முதலில் எழுதக் கற்ற பெயர் உன்னுடையது. இரண்டாவது அலமேலு. உன் அம்மாவின் பெயருக்குள் அகரம் முதலில் இருப்பது எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று பார்.

எழுதத் தெரிந்ததும் நேரே இதை எழுதியிருக்க வேண்டும். அப்போதும் எழுதவில்லை. என்னை எழுத வைத்தது நீ இருக்கும் அந்த ஊர்தான். அதன் பெயரைத் தமிழில் எழுத எனக்கு வரவில்லை. உறையின் மேலே உள்ளதை ஐயர் எழுதினார். ஆனால் அந்த ஊர் எனக்கு எவ்வளவு தெரியும் என்று உனக்குத் தெரியும். மதராஸில் துரையிடம் சமையலுக்குச் சேர்ந்து, அவருக்கு மாற்றலாகி இந்த ஊருக்கு அவரோடு வந்து, பாலிகஞ்ச் பங்களாவின் பின்கட்டு வராந்தாவில் நான் பட்டாணி உரிக்க, அவர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேச, அப்படிக் கேட்ட கதை எல்லாம். சுண்ணாம்பு மண்ணால் பாதையெல்லாம் வெள்ளையாக இருக்கும். கோயில் மணிக்கூண்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், கட்டினவன் குடித்திருந்தான் என்று ஊரில் சொல்வார்கள். ஆட்டு மந்தை ஓட்டி வந்த துரையின் முப்பாட்டன், ஆடெல்லாம் விற்ற பிறகும் ஊர் திரும்பாமல் ஆலைக்காரன் மகளைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். ஓடைத் தண்ணீரில் சக்கரம் சுற்றி மாவரைக்கும் அந்த ஆலை அவன் பேரன்கள் இருவருக்கு வந்தது. அவர்கள்தான் துரையின் தாத்தாவும் அவர் தம்பியும். நீராவி ஆலைகள் வந்த பின்பு துரையின் அப்பா அதை மூடினார். அதனால்தான் துரை வேலை தேடி இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். இதெல்லாம் என் சொந்த வம்சம் மாதிரி எனக்கு மனப்பாடம்.

ஒரு குளிர்காலத்துக் காலையில் துரைக்குத் தந்தி வந்தது. நான் காபி கொண்டுபோன நேரம். படித்துவிட்டு வைத்தார். "அம்மா செத்துப் போச்சு, குக்" என்றார். நம்மிடம் கற்ற தமிழ், அப்படித்தான் வரும். பிறகு வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கிப் போனார். இலவ மரத்தில் மலைத்தேனீ பெரிய அடையாகக் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில் போய் நின்று சாவியால் மரத்தை மெல்லத் தட்டினார். தோட்டக்காரன் "ஷாஹேப், காம்டாபே!" என்று வங்காளத்தில் கத்தினான், கொட்டிவிடும் என்று. துரை காதில் வாங்கவில்லை. தேன்கூட்டைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். கழுத்திலிருந்த கறுப்புப் பட்டையை அவிழ்த்துக் கிளையில் கட்டிவிட்டு வந்தார். உன் அம்மா பின்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாய்யா, உன் தொரை பூச்சி கூடல்லாம் பேசறாரு? நாளைக்கு எறும்புக்கு சலாம் போடுவாரா?" என்று சிரித்தாள். சாயங்காலம் அவரே விஷயத்தைச் சொன்னார். அவர்கள் ஊரில் வீட்டில் ஒருவர் இறந்தால் தேன்கூட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டுமாம். வீட்டுச் சாவியால் தட்டி, இன்னார் போய்விட்டார் என்று பெயர் சொல்லி, கறுப்புத் துணி கட்ட வேண்டுமாம். "சொல்லலைன்னா தேனீ கோவிச்சுக்கும். போயிடும். இல்லேன்னா செத்துடும்" என்றார். "இது உங்க ஊர்த் தேனீ இல்லியே தொரை" என்றேன். "யாருக்காவது சொல்லணும்ல, குக்" என்றார்.

அன்று இன்னொரு கதையும் சொன்னார். அவருடைய தாத்தாவுக்கும் அந்தத் தம்பிக்கும் மடைத் தண்ணீரால் சண்டை. ஒரே தெரு, கோயிலில் ஒரே பலகையில் இந்தக் கோடியும் அந்தக் கோடியும் உட்காருவார்களாம், ஆனால் சாகும்வரை பேச்சே இல்லையாம். தம்பி தனிக்கட்டை. அவர் இறந்த அன்று, அவர் வீட்டுத் தேன்கூட்டுக்குச் சொல்ல ஆள் இல்லை. அண்ணன்தான் போனார். சாவியால் தட்டி, தம்பியின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை அவர் வாயால் ஊரில் யாரும் கேட்டு வெகு காலம் ஆயிற்றாம். அதைச் சொல்லிவிட்டு இருட்டும்வரை அந்தத் தோட்டத்திலேயே நின்றுகொண்டிருந்தாராம். நான் பட்டாணி உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். பாவம், உயிரோடு இருக்கும்போது ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே, என்ன மனுஷன் என்று நினைத்தேன். நான் அப்படி நினைத்தவன்தான், முனுசாமி. பிறகு நானே அப்படிப்பட்டவன் ஆனேன்.

துரை வேலையை முடித்து ஊர் திரும்பும்போது, கூட ஒரு ஆள் வேண்டும், முனுசாமியை அனுப்புவாயா என்று கேட்டார். உன் அம்மாவுக்கு மனமில்லை. "அங்க அவனுக்கு யாரு இருக்காங்க? மூஞ்சி தெரிஞ்ச ஆளு ஒருத்தர் உண்டா?" என்று கேட்டாள். "அந்த ஊர்ல எல்லாரையும் எனக்குத் தெரியும்டி" என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவளும் நம்பினாள். உன் முதல் கடிதம் வந்தது. "நைனா, நீ சொன்ன ஆளு ஒருத்தரும் இங்க இல்ல. ஆலைக்குக் கூரையே இல்ல. எல்லாரும் கோயில் பக்கத்துல கல்லுல பேரா இருக்காங்க" என்று எழுதியிருந்தாய். ஐயர் படித்ததைக் கேட்டு வந்து அவளிடம் சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. "என் புள்ளைய கல்லுங்க நடுவுல அனுப்பிட்டியே" என்று மட்டும் சொன்னாள். துரை சொன்னது அவர் சிறுவயதில் பார்த்த ஊர் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் உனக்குச் சொல்லி வளர்த்ததும் அந்த ஊர்தான்.

இன்னொன்றையும் சொல்கிறேன், இது உனக்குப் புத்திமதியாகவும் ஆகும். அந்த ஊரில் யார் யாருக்குப் பாட்டன் என்று என்னால் சொல்ல முடியும். ஆனால் உன் அம்மாவின் தாத்தா பெயர் எனக்குத் தெரியாது. அவள் செங்கல்பட்டுப் பக்கம் என்று தெரியும். பஞ்சத்தில் அவள் வீட்டார் பட்டணம் வந்தார்கள் என்று தெரியும். வழியில் யாரை விட்டுவிட்டு வந்தார்கள், எப்படி வந்தார்கள், ஒன்றும் தெரியாது. அடுப்பு ஊதும்போது அவள் எப்போதாவது தொடங்குவாள். "எங்க தாத்தா ஒரு வாட்டி..." என்பாள். உள்ளேயிருந்து துரை மணி அடிப்பார். நான் எழுந்து போவேன். திரும்பி வந்து, தாத்தா என்ன செய்தார் என்று நான் கேட்டதில்லை. ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். துரையின் கதை கேட்பது என் வேலையில் சேர்ந்தது போல் இருந்தது, அவள் எங்கே போகப் போகிறாள் என்றும் இருந்தேன். இப்போது எழுதத் தெரிகிறது, எழுத அந்தக் கதை இல்லை. நீ யாரோடு வாழ்ந்தாலும், அவள் ஒரு கதையைத் தொடங்கினால் இருந்த இடத்திலிருந்து எழுந்திருக்காதே. மணி அடிக்கிறவன் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

அவளுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள உனக்கு உரிமை உண்டு. மழையில் நனைந்த விறகோடு ஒரு நாள் போராடிவிட்டுப் படுத்தாள். காய்ச்சல் இறங்கவில்லை. பங்களாவின் இப்போதைய துரை டாக்டரை அனுப்பினார், குறை சொல்ல முடியாது. நினைவு இருந்தவரை "அவன் கடுதாசி வந்திச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "வருது, கப்பல்ல வருது" என்பேன். வலி தெரியாமல் ஒரு விடியற்காலையில் போனாள். காளிகாட் பக்கத்து ஆற்றங்கரையில், நீ வைக்க வேண்டிய கொள்ளியை நான் வைத்தேன். அங்கிருந்த புரோகிதர் "சேலே கோதாய்?" என்று கேட்டார், மகன் எங்கே என்று. கடலுக்கு அப்பால் என்று கை காட்டினேன். தெருவில் பூஜைக்குக் கொட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும்போது இலவ மரத்தைப் பார்த்தேன். அது தேனீ வரும் காலம் இல்லை. கிளை வெறுமையாக இருந்தது. சொல்ல அங்கே ஒன்றும் இல்லாதது நல்லதாயிற்று என்றுகூட நினைத்தேன்.

பிறகு இந்தச் சித்திரையில் உன் கடிதம் வந்தது. எழுத்துக் கூட்டி நானே படித்தேன். துரை இறந்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். அவர் தங்கை அழுதுகொண்டே வீட்டுச் சாவியை உன் கையில் கொடுத்து, "நீதான் இந்த வீட்டு ஆள், நீ போய்ச் சொல்" என்றாள் என்றும், நீ பனியில் நடந்து தோட்டத்துக் கோடியில் இருந்த வைக்கோல் கூடைகளைத் தட்டித் தேனீக்களிடம் துரையின் பெயரைச் சொன்னாய் என்றும், அறுப்பு முடிந்ததும் கப்பல் ஏறுவதாகவும், அம்மாவைத் துறைக்கு அழைத்து வரும்படியும் எழுதியிருந்தாய். அந்த வரியோடு நிறுத்திவிட்டேன். அங்கே தேனீக்கு முதலில் சொல்கிறார்கள். என் மகனுக்கு நான் சொல்லவில்லை. அடுத்த வீட்டுத் துக்கத்தை அவன் போய்ச் சொல்லியிருக்கிறான், தன் வீட்டுத் துக்கம் தெரியாமல்.

அன்றே நம் அறைச் சாவியை எடுத்துக்கொண்டு இலவ மரத்துக்குப் போனேன். குளிரில் வந்த தேனீ இன்னும் இருந்தது, மழை தொடங்கினால் போய்விடும். தோட்டக்காரன் இப்போது கிழவன். "நீயுமா, தாதா?" என்றான், அண்ணன் முறையில். மரத்தைத் தட்டினேன். "அலமேலு போயிட்டா" என்றேன். அதுவரை அந்தச் சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை, கேட்டவர்களுக்குத் தலையைத்தான் ஆட்டியிருந்தேன். கட்டுவதற்குக் கறுப்புத் துணி இல்லை. அவள் கரித்துணி கிழிசல் ஒன்று மடியில் இருந்தது, அதைக் கட்டினேன். அவள் பார்த்திருந்தால் எவ்வளவு சிரித்திருப்பாள் என்று எண்ணி, நானும் கொஞ்சம் சிரித்தேன். வாயால் ஒரு முறை சொன்ன பிறகுதான் கையால் எழுத வந்தது. மறுநாள் ஐயரிடம் காகிதம் வாங்கினேன்.

இனி நீ செய்ய வேண்டியது. அறுப்பு வரை நிற்க வேண்டாம், முடிந்தால் முன்னதாகவே கிளம்பு. புரட்டாசியில் அவளுக்கு வருஷத் திதி. நீ வந்தால் நீ கொடுப்பாய். வர மனமில்லை என்றாலும், என் முகத்தைப் பார்க்க மனமில்லை என்றாலும், எனக்குக் கேட்க வாயில்லை. எப்படியும் கிளம்புவதற்கு முன் துரையின் தங்கையான அந்த அம்மாளிடம் சாவியைக் கேள். இந்த முறை உன் வீட்டுக்காகக் கேட்கிறாய் என்று சொல். தோட்டத்துக் கோடிக்குப் போய்த் தட்டி, உன் அம்மாவின் பெயரைச் சொல். முழுப்பெயராகச் சொல், அலமேலு அம்மாள் என்று. அவளை யாருக்கும் தெரியாத ஊரில் அவள் பெயர் ஒரு முறை கேட்கட்டும். அந்தச் சால்வை பெட்டியில் இருக்கிறது என்றும், அவள் அதைப் பார்க்கவில்லை என்றும் அந்த அம்மாளிடம் உண்மையைச் சொல்லிவிடு.

இது நான் எழுதிய முதல் கடிதம். எழுத எழுத, நீ இதைப் பெட்டியில் வைத்துக்கொள்வாய், உன் பிள்ளைகளிடம் என் கோணல் ணகரத்தைக் காட்டுவாய் என்றெல்லாம் ஆசை வந்துவிட்டது. ஐயரிடம் சொன்னபோது, "துக்கக் கடுதாசிய எவன்யா வச்சுப்பான்?" என்றார். நியாயம்தான். படித்து முடித்துவிட்டாய் என்றால் வாசலிலேயே நின்று கிழித்துவிடு. துண்டுகளை அந்தப் பழைய ஆலை ஓடையில் விடு. நான் சொல்லிச் சொல்லி உன் அம்மாவுக்கும் அந்தத் தண்ணீர் தெரியும். அங்கே குளிராக இருந்தாலும் தலை முழுகிவிட்டு உள்ளே போ. கிழிக்க யோசிக்காதே, முனுசாமி. எழுதிய கை இங்கே இருக்கிறது, மறுபடி எழுதும்.